மாரண்டஅள்ளிக்கு ஒரு சேணம்

வியாழன் இரவு

தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியில், மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடிகாலை மூன்று மணிக்குப் புனேயில் வீட்டைப் பூட்டினேன். இங்கே வந்து சேரும்போது மாலை நான்கு. எதிரே வேப்பமரத்தடியில் சுட்டி நிற்கிறாள். நான் தூக்கி வந்த அட்டைப்பெட்டியை மூக்கால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். தின்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் மாமா அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு பார்க்கப் போனார். அந்தச் சந்தைக்குக் குதிரைகளும் நிறைய வரும். மாட்டுக்குப் பதில் ஒரு பெட்டைக் குதிரையோடு திரும்பி வந்தார். அத்தை மூன்று நாள் அவரிடம் பேசவில்லையாம். நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருப்பதால் பெயரும் சுட்டி. கல்யாண ஊர்வலத்துக்குப் பழக்கிய குதிரை. பேண்டுக்கும் வெடிக்கும் காதைக்கூட அசைக்க மாட்டாள். ஆனால் வீட்டில் ஏறி ஓட்ட ஆளில்லை. "நீ புனேல குதிரை ஓட்டறியாமே, வந்து இதையும் கொஞ்சம் ஓட்டிட்டுப் போ கண்ணு" என்று பொங்கலிலிருந்தே போன். சேணம் இருக்கா மாமா என்று கேட்டேன். "சாக்கு இருக்கு" என்றார்.

சரி, என் சேணத்தையே எடுத்துப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அங்கே ஆரம்பித்தது வினை.

விமானத்தில் எனக்குக் கிடைத்தது பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. சேணம் மட்டும் 6.2 கிலோ. கால் நுழைக்கும் இரும்பு அங்கவடி ஒரு ஜோடி 1.1. அதைத் தொங்கவிடும் வார்கள், வயிற்றைச் சுற்றிக் கட்டும் கர்த், முதுகில் போடும் மெத்தை, மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழே மாட்டும் தோலுறை, துணிமணி. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி, என் எடையைக் கழித்து, ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினேன். பெட்டியோடு சேர்த்து 14.4. இப்படிக் கணக்குப் போட்டுப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் மகிழ்ந்ததில்லை.

சேணத்தைப் பார்த்தால் வெறும் தோல் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது: பல அடுக்கு மரப்பலகையை வளைத்து, எஃகுத் தகடு வைத்து இறுக்கிய சட்டம். தோல் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். சட்டம் விரிசல் விட்டால் சேணம் போயிற்று. தெரியாமல் அதையே போட்டு ஓட்டினால் குதிரையின் முதுகும் போயிற்று. விமானத்தின் வயிற்றில் இன்னொருவருடைய பெட்டி மேலே விழுந்தால் முதல் அடி அந்த வளைவுக்குத்தான். அதனால் வளைவுக்கடியில் காலி இடமே விடக் கூடாது. இரண்டு ஜீன்ஸ் பேன்ட்டை முறுக்கிச் சுருட்டி உள்ளே திணித்தேன். பக்கத்து வீட்டார் கொடுத்த மைக்ரோவேவ் அடுப்பின் அட்டைப்பெட்டி சரியாகப் பொருந்தியது. அடியில் பழைய போர்வை. சேணத்தைச் சுற்றி மார்புக் கவசத்தை விரித்து வைத்தேன். அது பஞ்சு வைத்ததுதான், ஆளுக்கும் மெத்தை, சேணத்துக்கும் மெத்தை. (காற்றடைத்து உப்பும் கவசம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அதில் அழுத்தமான வாயு அடைத்த சிறு உருளை இருக்கும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்காமல் பெட்டிக்குள் போடாதீர்கள்.)

அங்கவடிகளைக் கழற்றி, ஆளுக்கொரு சாக்ஸில் போட்டு, பெட்டியின் மூலைகளில் வைத்தேன். இரும்பு தோலோடு உரசினால் தழும்பு விழும். தோலைப் பாலிதீனில் மட்டும் சுற்றக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. அதில் சுற்றினேன்.

ஹெல்மெட்டைப் பெட்டியில் போடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அதன் உள்ளே இருப்பது டிவி பெட்டியில் வருமே, அந்தத் தெர்மாகோல் வகைதான், இன்னும் கெட்டியாக. ஒரு அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. நசுங்கியது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். சரக்கறையில் எவனோ தூக்கிப் போட்டு அது முதல் அடியை வாங்கிவிட்டால், எனக்கு மிச்சம் என்ன இருக்கும்?

கணுக்கால் உயர பூட்ஸைக் காலிலேயே போட்டு வந்தேன், எடை மிச்சம் என்று. பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்தியது. அடிப்பாகத்தில் எஃகுத் தகடு. கழற்றி, ட்ரேயில் வைத்து, பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, மறுபடி மாட்டினேன். முழங்கால் வரை வரும் நீள பூட்ஸாக இருந்திருந்தால் இன்னும் அங்கேயே ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருப்பேன். அத்தோடு விடவில்லை. குளம்பில் சிக்கிய கல்லை நோண்டும் கொக்கியை ஜாக்கெட் பையிலேயே விட்டுவிட்டேன். சாட்டையை ஞாபகமாகப் பெட்டியில் போட்டவள், இரும்புக் கொக்கியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறப் போயிருக்கிறேன். சோதனை செய்த அம்மா அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "குதிரைக்குப் பாதம் சுத்தம் பண்ண" என்றேன். குதிரை எங்கே என்று கேட்பது போல எனக்குப் பின்னால் பார்த்தார். கொக்கி தொட்டியில் விழுந்தது. தப்பு என்னுடையது.

பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி, பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி, அங்கிருந்து ஓசூர். ரயில் ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு என்று எல்லா ஊரையும் தொட்டுத்தான் போகிறது, ஆனால் என் நேரத்துக்கு வண்டி இல்லை. ஓசூரில் பாலக்கோடு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

"என்னம்மா இது?"

"சேணம்."

"சேனைக்கிழங்கா? இம்மாம் பெருசாவா?"

லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பக்கத்து சீட்டுப் பெரியவர் விஷயம் புரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கியது, தெரியுமா என்றார். தெரியும், ஆனால் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். ராயக்கோட்டை மலை வந்ததும் திப்பு சுல்தானில் ஆரம்பித்து 1791-ல் கம்பெனிக்காரன் கோட்டையைப் பிடித்தது வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே தக்காளித் தோட்டங்கள்.

வெள்ளி மாலை

மனசு சரியில்லை. சேணம் பொருந்தவில்லை.

நான் புனேயில் ஓட்டுவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. 16 கை உயரம். ஒரு கை என்றால் 4 அங்குலம். தரையிலிருந்து, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேடு வரைக்கும் அளப்பார்கள். சுட்டிக்கு என் கணக்கில் 13 கைதான் தேறும். குள்ளம் என்பது பிரச்சினை இல்லை. முதுகு குட்டை, உடம்பு பீப்பாய் மாதிரி உருண்டை, தோள்மேடு இருக்கிறதா என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெத்தையைப் போட்டு, சேணத்தை வைத்து, பின்னுக்கு நகர்த்தி அமர்த்தினேன். முன்வளைவுக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகவேண்டும். அங்கே கை முழுக்கப் போனது. ஆனால் பக்கவாட்டில் சட்டத்தின் நுனிகள் தோள் தசையைக் கவ்விக்கொண்டு நின்றன. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குதிரைக்கு 18 ஜோடி விலா. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது, அதற்கப்புறம் பாரம் தாங்க எலும்பு கிடையாது. கடைசி விலாவை விரலால் தடவிக்கொண்டே மேலே போனால், என் சேணம் அதையும் தாண்டி நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு கர்த்தைக் கடைசி ஓட்டைக்கு ஏற்றி இழுத்தும் வயிற்றுக்கடியில் தொட்டில் மாதிரி தொங்கியது. சுட்டி தலையைத் திருப்பி அந்தத் தொட்டிலைப் பார்த்தாள்.

"ஏறு கண்ணு, அது ஒண்ணும் பண்ணாது" என்றார் மாமா.

அவள் ஒன்றும் பண்ண மாட்டாள் என்பது எனக்கும் தெரியும். வாய் விட்டுச் சொல்ல மாட்டாளே. சேணத்தைக் கழற்றினேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், இது எனக்குத் தெரியாததல்ல. ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் என் உடம்புக்கு அளவெடுத்தது. எந்த ஊர்க் குதிரைக்குக் கொண்டுபோனாலும் ஆகும். சேணம் குதிரை உடம்புக்கு அளவெடுத்தது. இரவல் செருப்பு மாதிரிதான். 15 கிலோவுக்குள் அடக்க வேண்டும் என்று கிராம் கணக்குப் பார்த்தவள், மாமாவிடம் ஒரு போட்டோவும் நூல் வைத்து முதுகு நீளமும் கேட்டிருந்தால் பாதி எடை மிச்சமாகியிருக்கும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நால்வர் குழு டிரஸ்ஸாஜில் (குதிரையை நளினமாக அடியெடுத்து நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியதே, 41 வருஷத்துக்கு அப்புறம் குதிரையேற்றத்தில் வந்த தங்கம், அவர்களுக்குச் சேணமும் பல மாதம் பழகிய குதிரையும் சேர்ந்து போயின. நான் சேணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் மூன்று சுற்று வந்தான். இன்றைக்கு என் சாமான்களில் உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

இரவு களியும் கீரைக் குழம்பும். அத்தை கையால் கேழ்வரகுக் களி சாப்பிட்டுவிட்டு ரொம்ப நேரம் வருத்தமாக இருக்க முடியாது.

சனி இரவு

காலையில் மாமா டிவிஎஸ்ஸில் என்னை வைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போனார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற பாய் ஒருவர் இருக்கிறார். என் சேணத்தையும் மடியில் வைத்துத்தான் போனோம். எதற்கு என்று கேட்காதீர்கள், காட்ட வேண்டும் போல இருந்தது.

பாய் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். தோலைக் கட்டைவிரலால் அழுத்தினார். தையலைப் பார்த்து "நல்ல வேலை" என்றார். அப்புறம், "இது பெரிய குதிரை சாமான் ஆச்சேம்மா. ரேக்ளா மாட்டுக்கு லாரி நுகத்தடி" என்று சிரித்தார். உள்ளே போய் ஒரு சேணத்தைத் தூக்கி வந்தார். மரச்சட்டம், மேலே விரிசல் விட்ட தோல், ஓரத்தில் ஜரிகை பிய்ந்து தொங்குகிறது, ஒரு பக்கம் நைலான் கயிறு போட்டுத் தைத்திருக்கிறது. எத்தனை மாப்பிள்ளைகள் வியர்த்து உட்கார்ந்ததோ. ஆனால் குட்டை, அடிப்பக்கம் அகலம்.

தகடூர்ப் பக்கம் (தருமபுரியின் பழைய பெயர்) வந்து ஔவை ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா. அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினானாம். மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு வைத்த வேல்கள். இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் ஆளுடையது நுனி மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றாளாம் அவள். என் சேணத்துக்குப் போன வாரம்தான் எண்ணெய் போட்டேன். என் அங்கவடியின் பெயர் வேறு பீகாக். மயிலேதான்.

அந்த அங்கவடி மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. பாயின் சேணத்தில் இருந்தவை துருப்பிடித்த குறுகிய வளையங்கள். என் பூட்ஸ் நுழைந்தால் வெளியே வராது. விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும், குதிரையேற்றத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது அது ஒன்றுதான். பீகாக் வகையில் வெளிப்பக்கம் இரும்புக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம் இருக்கும். கால் இழுத்தால் ரப்பர் கழன்றுகொள்ளும், கால் வெளியே வந்துவிடும். பெட்டியில் வந்த அழுத்தத்தில் ஒரு ரப்பர் அறுந்திருந்தது. மாமா உடனே சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டித் தர வந்தார். கழன்றுகொள்வதுதான் மாமா அதன் வேலையே என்று சொல்லி, கைப்பையிலிருந்த மாற்று வளையங்களில் ஒன்றைப் போட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி சுட்டி. பாயின் சேணத்தை வைத்ததும் அது தானாகப் போய் உட்கார்ந்தது. கடைசி விலாவுக்கு முன்னால் உள்ளங்கை அகலம் மிச்சம். உள்ளே கையை விட்டு மேலிருந்து கீழே தடவினேன். எங்கேயும் கவ்வல் இல்லை. குளம்புக் கொக்கி போன துக்கத்துக்கு மாமா ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரைக் கல்லில் தேய்த்து முனையை மழுக்கிக் கொடுத்தார். புனேயில் பறிகொடுத்ததை விட இது கைக்கு வாகு.

ஏறினேன். ஏரிக்கரை வரைக்கும் நடை, கரையில் கொஞ்சம் துள்ளோட்டம். சுட்டிக்கு ஒரே ஒரு பழக்கம்: வீட்டு வாசலில் நாலு பேர் கூடி நின்றால் நின்றுவிடுகிறாள். ஆரத்திக்குக் காத்திருக்கிறாள், பாவம்.

கரைக்குக் கீழே புளியமரத்தடியில் வேடியப்பன். இந்தப் பக்கம் நடுகல்லைப் பெரும்பாலும் அப்படித்தான் கும்பிடுகிறார்கள். மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி உருவம் பாதி மறைந்துவிட்டது. குதிரை மேல் ஒருவன், ஓங்கிய கையில் வாள். குதிரையின் முதுகில் என்ன போட்டிருக்கிறான் என்று இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கடியில் ஒன்றும் தெரியவில்லை. சுட்டி அதற்குள் கல்லின் காலடியில் கிடந்த மாலையைத் தின்றுவிட்டாள்.

ஞாயிறு

காலையில் சின்னாற்றுப் பக்கம் இரண்டு மணி நேரம். அதைப் பற்றி எழுதினால் பீற்றல் ஆகிவிடும், விடுகிறேன்.

மதியம் முழுக்கக் கழுவல். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு குதிரையின் வியர்வையும் முடியும் ஒட்டிய மெத்தையை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டு, ஊருக்குப் போய் இன்னொரு குதிரையின் முதுகில் போடுவது என்றால், படர்தாமரையை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போவது என்று அர்த்தம். பூஞ்சைத் தொற்று கர்த்திலும் பிரஷ்ஷிலும்தான் தொத்திப் போகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் குதிரைச் சாமானை அறிவித்தே ஆக வேண்டும். பூட்ஸின் அடியில் ஒட்டிய மண்ணைக்கூட விட மாட்டார்கள். உள்நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததால் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

மெத்தையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தோய்த்து, தக்காளிப் பெட்டிகளின் மேல் வெயிலில் விரித்தேன். மெத்தையின் ஓரம் முழுக்க நாயுருவி. ஒவ்வொரு விதையும் தலைகீழாகக் கொக்கி போட்டுத் தொங்கும். இழுத்தால் பாதி உடைந்து பாதி உள்ளேயே நிற்கும், நுனியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். அத்தை புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார், நான் எதிரே உட்கார்ந்து நாயுருவி எடுத்தேன். மாசி வெயில், இரண்டு முறம், இரண்டு குவியல். "ஒரு குதிரைக்குப் பின்னாடி இத்தனை வேலை இருக்குன்னு உங்க மாமாவுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அத்தை.

திங்கள், ஓசூர் பஸ் நிலையம்

நேற்று இரவு பெட்டி கட்டும்போது அத்தை இரண்டு கிலோ ராகி மாவைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னாலும் நடக்காது. ஜீன்ஸை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டு, சேணத்தின் வளைவுக்கடியில் மாவுப் பையைத் திணித்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. புளியைத் தோல் பக்கத்தில் வைக்கப் பயமாக இருந்தது, அதுவும் கைப்பைக்கு.

மாமா தக்காளி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார். 15.8.

மாவை எடுத்தால் அத்தை. கவசத்தை எடுத்தால் சேணத்துக்கு மெத்தை இல்லை. கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சாக்ஸிலிருந்து அங்கவடி இரண்டையும் எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். பாயின் சேணத்தை மாமா விலை பேசியிருக்கிறார், அதற்கு இவை இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஏறாமல் இருக்கப் போவதில்லை. துரு வளையத்தில் அவன் கால் மாட்டுவதை நினைக்கவே முடியவில்லை. 14.7.

இப்போது ஓசூரில் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மாமா போன் செய்தார். அங்கவடியை வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தாராம், சுட்டி எட்டிப் பிடித்து ஒரு ரப்பர் வளையத்தைக் கடித்துத் துப்பிவிட்டாளாம். மாற்று வளையம் எங்கே கண்ணு வைத்துவிட்டுப் போனாய் என்றார். கைப்பையைத் திறந்து பார்த்தேன். புளிக்கு அடியில் இருக்கிறது.